ஒரு சீட்டுக்கு ஒரு சீட்டு

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறிப்போகும் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், நாகலெட்சுமி பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விடிந்தும் விடியாததுமாகக் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டு ஓடுவார்கள். அந்த நேரத்திலிருந்து அவளுக்கு நிற்கப் பொழுதிருக்காது. மூக்குத் துடைக்க வேண்டும், கால் கழுவ வேண்டும், பால்மா கரைக்க வேண்டும். ஒன்று அழுதால் எல்லாம் சேர்ந்து அழும். முன்பு அவளும் கொழுந்துக்குப் போனவள்தான். முழங்கால் வீங்கத் தொடங்கி மலையேற முடியாமல் போனதும் இங்கே போட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று மற்றப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவில்லை.

மதியச் சோறு ஊட்டி முடிந்து, தொட்டில் சீலைகளுக்குள் பிள்ளைகள் தூங்கிப்போன பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். உடம்பு அதைத்தான் கேட்கும். ஆனால் நாலு வருஷமாக நாகலெட்சுமி அந்த நேரத்தில் கண்ணை மூடியதில்லை. பால்மாப் பெட்டி மட்டையைச் சின்னதாக வெட்டி, மைதாப் பசையும் துணித்துண்டும் வைத்துக்கொண்டு குட்டிச் சீட்டு செய்துகொண்டிருப்பாள்.

அது ஹட்டனில் நடந்த ஒரு பயிற்சியில் பிடித்துக்கொண்ட பழக்கம். பல தோட்டங்களிலிருந்தும் பிள்ளைக்காம்பரா ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். போஷாக்கு, சுத்தம், தடுப்பூசி என்று பொழுதெல்லாம் பேசி எல்லாரும் களைத்துப்போன பிறகு, பயிற்சி கொடுக்க வந்த பெண் ஆளுக்கொரு மட்டை கொடுத்தாள். விளையாடுகிற சீட்டு அளவுதான் இருக்கும். இதில் எதையாவது வரையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுங்கள், பின்பக்கம் பேரும் ஊரும் எழுதிப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். வெளிநாடுகளில் இப்படிச் செய்து தபாலில் மாற்றிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். இதை விற்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும், அது ஒன்றுதான் சட்டம் என்றும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாகலெட்சுமி பென்சில் பிடித்ததில்லை. வெட்கமாக இருந்தது. கடைசியில் தன் பையிலிருந்த பழைய கைத்துணியில் ஓரத்தைக் கிழித்து, மட்டையில் மேலே இரண்டு பக்கமும் ஒட்டி நடுவில் தொங்கவிட்டாள். அது ஒரு தொட்டில் ஆகிவிட்டது. உள்ளே ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுபோல் பேனாவால் கீறினாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அய்யோ, தூங்குறவன் காலு! எங்கிட்டயும் இப்படி ஒருத்தன் இருக்கான். எத்தன தடவ உள்ளுக்குத் தள்ளுனாலும் வெளிய நீட்டிருவான்."

அவள்தான் ஜோசப்பின். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாகலெட்சுமியைப் போலவே ஆயா. வயதில் இரண்டு மூன்று மூப்பு. அவளுடைய மட்டையில் ஒரு கதவு இருந்தது. லயத்துக் கதவு, தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பது. நீலப் பெயின்ட் உரிந்து, அடியில் பழைய பச்சை தெரிகிற மாதிரி, கலர் பென்சிலால் ஒன்றின் மேல் ஒன்றாகத் தேய்த்திருந்தாள்.

"ஏன்க்கா கதவு?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

"எனக்கு மனுச மூஞ்சி வராது. வரஞ்சா பேய் மாதிரி நிக்கும். கதவ வரஞ்சு வச்சா, உள்ளுக்கு ஆள் இருக்காங்கன்னு பாக்குறவங்களே நெனச்சுக்குவாங்கள்ல?"

இரண்டு பேரும் மாற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஹட்டனில் ஆயாக்களுக்கான மாதக் கூட்டம் நடக்கிற நாளெல்லாம் அவர்களுக்குச் சீட்டு நாளாயிற்று. கூட்டம் முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடிக்குப் போவார்கள். ஆளுக்கொரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ். பொகவந்தலாவப் பக்கத்திலிருந்து வருகிற பூரணியும் சேர்ந்துகொண்டாள். பூரணி கண்டிப்பானவள். சீட்டின் அளவு ஒரு நூல் கூடினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அடுத்தவர் நீட்டுகிற சீட்டை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்ற சட்டத்தையும் அவள்தான் போட்டாள். பூரணி கோழிகள் செய்வாள். உண்மையான இறகை நறுக்கி ஒட்டிய கோழிகள்.

நாகலெட்சுமியின் புருஷன் நல்லமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகிறவர். முதல் தடவை இதைக் கேள்விப்பட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"சீட்டா? யாரு புடிக்கிறா? மாசம் எவ்வளவு கட்டுற?"

"கட்டுற சீட்டு இல்லீங்க. ஒட்டுற சீட்டு."

அவர் ஒரு கதவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சு என்னா பண்றது?" என்றார். ஒன்றும் பண்ண முடியாது. அதனால்தான் பிடித்திருந்ததோ என்னவோ. அவள் கையால் செய்கிற மற்றதெல்லாம் அன்றன்றே தீர்ந்துபோயின. ஊட்டிய சோறு மறுபடி பசித்தது, கழுவிய கால் மறுபடி சேறானது. சீட்டு மட்டும் அடுத்த மாதமும் அப்படியே இருந்தது. குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கதவுகளையும் கோழிகளையும் அடுக்கி வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஜோசப்பினுக்கு மார்பில் கட்டி வந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். தலைமுடி போன பிறகும் ஒரு தடவை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்தாள். பூட்டுப் போட்ட ஒரு கதவைக் கொடுத்தாள். "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அதுதான் கடைசி. அடக்கத்துக்கு நாகலெட்சுமியும் பூரணியும் போனார்கள். ஜோசப்பினின் தங்கை, அக்கா ஆசையாக வைத்திருந்தது என்று, அவளிடம் இருந்த சீட்டுகள் அத்தனையையும் ஜெபமாலையோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நாகலெட்சுமி அவளுக்கென்று மனசு வைத்துச் செய்த தொட்டில்களெல்லாம் அப்படிப் போயின. அவளுக்கு அது சரியென்றே பட்டது. அவை ஜோசப்பினுடையவை. ஜோசப்பினுடைய கதவுகள் தன் டின்னுக்குள் இருக்கின்றன என்ற ஆறுதலோடு பஸ் ஏறினாள்.

ஆள் குறைந்தாலும் சீட்டு நிற்கவில்லை. நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஷெரோமி என்ற இளம்பெண் வந்து சேர்ந்தாள். மாதங்கள் போயின.

பிறகு அந்தக் கார்த்திகை மழை வந்தது. இரண்டு நாளாகத் தொடர்ந்து பெய்தது. மின்சாரம் போய், போன் செத்து, ரோடு எங்கெங்கே அறுந்தது என்றே தெரியாமல் இருந்தார்கள். விடியப்போகிற நேரத்தில் லயத்துக்குப் பின்னால் மலை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். நல்லமுத்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே ஓடினார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் எப்படியோ வெளியே வந்துவிட்டார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது குசினிப் பக்கம் முழுவதும் சேற்றுக்குள் போயிருந்தது. மேலே இருந்த தேயிலைச் செடிகள் வேரோடு வந்து அவள் அடுப்பு இருந்த இடத்தில் நின்றன.

உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். வந்த அதிகாரிகள் சொன்னார்கள், கோயில் பூசாரி சொன்னார், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த மகள் கிருஷாந்தி போனில் அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கள்லம்மா, அது போதும்." ஆமாம், போதும் என்று நாகலெட்சுமியும் சொன்னாள். அதற்கு மேல் எதையும் கேட்பது மரியாதையில்லை என்று தோன்றியது.

தோட்டப் பாடசாலை வகுப்பறையில் பாய் போட்டுப் படுத்தார்கள். சாப்பாட்டுக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, பேர் கொடுக்க வரிசை. லாரியில் வந்தவர்கள் அரிசி கொடுத்தார்கள், சோப்பு கொடுத்தார்கள், யாரோ கட்டிய சேலை கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டி, தலையை ஆட்டி, நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சிங்களத்தில் பேசியவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னாள். போட்டோ எடுத்தவர்களுக்காக நின்றாள். நாள் முடியும்போது கொழுந்துக்கூடை சுமந்த காலத்தில்கூட இப்படிக் கழுத்து வலித்ததில்லை என்று நினைத்தாள்.

நல்லமுத்து தினமும் போய்ச் சேற்றைத் தோண்டினார். ஒரு குடம், அம்மிக் குழவி, சாமி படத்தின் சட்டம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். ஒரு நாள் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அவருக்கே ஒரு சந்தோஷம். "இந்தா புள்ள, ஒன் சீட்டு" என்றார்.

மூடி நசுங்கிக் கழன்றிருந்தது. உள்ளே சேறும் மட்டையும் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. பாடசாலைக் குழாயடியில் குந்தி, ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். மைதாப் பசை எந்தத் தண்ணீருக்கு நிற்கும்? பிரித்ததெல்லாம் விரலில் கூழாக வந்தது. ஒரு கோழி இறகு மட்டும் தனியாக மிதந்து வாய்க்காலுக்குப் போனது. நீலமா பச்சையா என்று தெரியாத ஒரு கறை கையில் ஒட்டியிருந்தது. பின்னால் தண்ணீருக்குக் காத்துநின்ற பெண், "என்னாக்கா, இன்னும் முடியலயா?" என்றாள். நாகலெட்சுமி டின்னைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு எழுந்தாள். அந்த டின்னில் பிறகு சீனி போட்டு வைத்தார்கள்.

அவள் செய்தது மண்ணுக்குள் ஜோசப்பினிடம் இருக்கிறது. ஜோசப்பின் செய்ததும் மண்ணோடு போயிற்று. அன்று படுத்தபடி அதை நினைத்தாள். அழுகை வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

மாசி பிறந்த பிறகுதான் மாதக் கூட்டம் மறுபடி நடந்தது. பாடசாலை திறக்க வேண்டியிருந்ததால் அதற்குள் அவர்களைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். பிள்ளைக்காம்பராவும் திறந்துவிட்டது. பிள்ளைகள் இடிச் சத்தம் கேட்டால் நாகலெட்சுமியின் சேலைக்குள் வந்து புகுந்துகொண்டன. அவள் வெறுங்கையோடு ஹட்டனுக்குப் போனாள். சீட்டு எதுவும் செய்திருக்கவில்லை. செய்யத் தோன்றவும் இல்லை.

கடை மாடியில் பூரணியும் ஷெரோமியும் அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். ஷெரோமி எழுந்து கட்டிக்கொண்டாள். பூரணி பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒங்க டின்னு போயிருச்சுன்னு கேள்விப்பட்டோம் அக்கா. அதான் எங்கக்கிட்ட இருந்த ஒங்க சீட்டெல்லாம் கொண்டாந்துட்டோம். வச்சுக்கங்க."

உறைக்குள் தொட்டில்கள். சிவப்புச் சீலை, புள்ளிச் சீலை, கிழிந்து தைத்த சீலை. எல்லாவற்றிலும் ஒரு சின்னக் கால். நாகலெட்சுமி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் கையெழுத்து, தன் பேர், தன் ஊர். எந்தச் சீலை எங்கே கிழித்தது என்று எல்லாம் தெரிந்திருந்தது. யாரோ தன்னிடமே தன் பழைய துணியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது.

"இது நான் செஞ்சதுதானே?" என்றாள்.

"ஆமாக்கா. அதான்…"

"நான் செஞ்சத நானே வச்சுக்கிட்டு என்னா பண்ணட்டும்?"

உறையைத் தள்ளிவிட்டதில் பூரணியின் முகம் சுண்டிப்போனதை நாகலெட்சுமி கண்டாள். சமாதானம் சொல்லத் தெம்பில்லை. கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஜோசப்பினக்கா கதவு ஒங்கக்கிட்ட இருக்குல்ல பூரணி?"

"இருக்கு."

"ஒண்ணு தா."

பூரணி பிளேன்டீக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "சும்மா தர மாட்டேன் அக்கா. மாத்துறதுன்னா மாத்துறேன்."

நாகலெட்சுமி குரலை உயர்த்தினாள். "எங்கிட்ட என்னா இருக்கு மாத்த? வீடே இல்ல. கட்டிக்கிட்டு வந்த சேலகூட யாரோ குடுத்தது. நீ சட்டம் பேசுற."

"எனக்கும் அந்தக்கா இல்லதானே. எங்கிட்ட இருக்கிறதே நாலஞ்சுதான். ஒங்களுக்குக் குடுக்க மனசில்லாம இல்ல. ஆனா சும்மா தூக்கிக் குடுக்க என்னால முடியல" என்றாள் பூரணி. "நீங்க ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. எது செஞ்சாலும் சரி. நான் வேணாங்க மாட்டேன்."

நாகலெட்சுமி ரோல்ஸைத் தொடாமலே எழுந்து இறங்கிவிட்டாள். நோர்வூட் வழியாகப் போகிற பொகவந்தலாவ பஸ்ஸில் ஏறினால் பூரணியும் அதில்தான் வருவாள் என்று, அதை விட்டுவிட்டு அடுத்ததற்காக நின்றாள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பூரணியைத் திட்டிக்கொண்டே நின்றாள். பஸ் நோர்வூட்டை நெருங்கும்போது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இந்த இரண்டு மூன்று மாதத்தில் தன்னிடம் எதையாவது திருப்பிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மற்ற எல்லாரும் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். இந்த நினைப்பும் அவளைத் தேற்றவில்லை. இன்னும் ஒரு வேலை தலையில் ஏறியதுபோல்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சில தடவை, பிள்ளைகள் தூங்கும்போது மட்டையை எடுத்து வைத்துப் பார்த்தாள். தொட்டிலுக்குத் துணி கிழித்தால் கை அப்படியே நின்றது. கதவு வரையலாமா என்றால், அது ஜோசப்பினுடையது. மட்டையை மடியில் வைத்தபடி தூங்கிப்போனாள். விழித்தால் யாராவது ஒரு பிள்ளை அதைச் சப்பிக்கொண்டிருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துத் தூங்கின. கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாகலெட்சுமி நிவாரணச் சோப்பு வந்த பெட்டி மட்டையில் ஒரு துண்டு வெட்டினாள். தேயிலைச் சாயத்தைச் சக்கையோடு நன்றாகக் கொதிக்க வைத்து வற்றவிட்டு, மைதாவோடு குழைத்து, மட்டை முழுவதும் அப்பினாள். ஒரு தடவை காய்ந்ததும் அதன் மேல் இன்னொன்று. கெட்டியாக, கட்டிகட்டியாக வந்தது. உச்சியில் மட்டும் பச்சைப் பென்சிலால் ஒரு கீற்று விட்டாள். வேறு ஒன்றும் போடவில்லை. ஆள் இல்லை, வீடு இல்லை, கால் இல்லை. செய்து முடித்துப் பார்த்தபோது அழகாக இல்லை. ஆனால் அந்த விடியலில் திரும்பிப் பார்த்தபோது கண்டது இதுதான். அதை இதுவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் உயிர்ச்சேதம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

பின்பக்கம் பேர் எழுதினாள். ஊர் என்ற இடத்தில் கோயில் மண்டபம் என்று எழுதக் கை கூசியது. மேற்கணக்கு என்றே எழுதினாள்.

மறுநாள் கடை மாடியில் அதைப் பூரணியிடம் நீட்டினாள். பூரணி முதலில் அளவைத்தான் பார்த்தாள். பழக்கதோஷம். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலால் அந்தக் கட்டிகளைத் தடவினாள். சக்கை உதிர்ந்து மேசையில் விழுந்தது.

"இப்படியா வந்திச்சு அக்கா?"

"ம்."

"மேல இருந்த மல முழுசுமா?"

"முழுசுமா இல்ல. பாதி இருக்கும். ஆனா பாக்க முழுசா வந்த மாதிரிதான் இருந்திச்சு. சத்தம் இருக்கே… அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பிறகு அவளே தொடர்ந்து சொன்னாள். நல்லமுத்து கையைப் பிடித்து இழுத்தது, தான் டின்னை எடுக்க ஒரு எட்டுப் பின்னால் வைத்தது, அவர் தோளில் அடித்து வெளியே தள்ளியது. புருஷன் தன்னை அடித்தார் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அதை மகளிடம்கூடச் சொன்னதில்லை. ஷெரோமி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கீழே பஸ் நடத்துனர்கள் ஊர்ப் பேர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

பூரணி தன் பையிலிருந்த கதவுகளை மேசைமேல் பரப்பினாள். "நீங்களே எடுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எது போகிறது என்று பார்க்க அவளால் முடியவில்லை. நாகலெட்சுமி நல்லதாக ஒன்றைத் தேடவில்லை. பூரணிக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, மண்ணிறத்தில் ஒரு பழைய கதவை எடுத்தாள். பின்பக்கம் ஜோசப்பினின் சரிந்த எழுத்து இருந்தது. அதைப் பையில் போட்டபோது பெரிய நிம்மதி ஒன்றும் வரவில்லை. வேலை ஒன்று முடிந்த அலுப்புத்தான் வந்தது. ரோல்ஸைச் சாப்பிட்டாள். பசித்திருந்தது.

சித்திரை முடிவதற்குள் அவர்களுக்குக் கீழ்க்கணக்கில் ஒரு பழைய லயத்தில் காம்பரா கிடைத்தது. இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துதான். புது வீடு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு ஏறிப்போகிற தூரம் கூடிவிட்டது. நாகலெட்சுமி வழியில் இரண்டு இடத்தில் நின்று முழங்காலைத் தேய்த்துவிட்டுப் போவாள். சில நாள் சீட்டு செய்தாள், சில நாள் சுவரில் சாய்ந்து தூங்கினாள்.

அடுத்த கூட்டத்தில் பூரணி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்க குடுத்த அந்தச் சீட்ட என்னால வெளிய வச்சுப் பாக்க முடியல. மழ பெஞ்சா மனசு என்னமோ பண்ணுது. அலுமாரிக்குள்ள துணிக்கு அடியில போட்டுட்டேன்."

"அங்கயே இருக்கட்டும்" என்றாள் நாகலெட்சுமி. "எங்கிட்ட இல்லாம இருந்தா போதும்."

சொல்லிவிட்டு, ஷெரோமியிடம் இன்னொரு பிளேன்டீ சொல்லச் சொன்னாள். சீனி கொஞ்சம் கூடப் போடச் சொன்னாள்.